தாடைப் பட்டை உடைந்த லெகோ விண்வெளிக்காரர்கள்: மாற்றவா, அப்படியே விடவா?

வடலி (யூட்லாந்து, டென்மார்க்)

வணக்கம். அப்பா வீட்டை விட்டுச் சின்னதொரு மாடி வீட்டுக்கு மாறுகிறார். சாமான் ஒதுக்கும்போது நீலநிறப் பட்டர் பிஸ்கட் தகரப் பெட்டி ஒன்று அகப்பட்டது. மேலே அம்மாவின் நூற்கண்டுகள். அடியில், ஒரு பழைய காலுறைக்குள், என்னுடைய லெகோ பொம்மைகள், விண்வெளிக்காரர்கள்.

பதினொரு பேர். வெள்ளை 4, சிவப்பு 5, மஞ்சள் 1, நீலம் 1. எல்லோருக்கும் அதே சிரிப்பு: இரண்டு புள்ளிக் கண், ஒரு கோட்டு வாய். ஹெல்மெட்டுகளைப் பார்க்கத்தான் மனம் கஷ்டப்பட்டது. ஒன்பதில், தாடைக்கு முன்னால் வரும் மெல்லிய பட்டை நடுவில் உடைந்திருக்கிறது. வெள்ளை நான்கும் தேநீர் ஊறிய துணி நிறத்துக்கு வந்துவிட்டன. நெஞ்சில் இருந்த தங்கநிறச் சின்னம், அதாவது ஒரு கோளும் அதைச் சுற்றிப் பறக்கும் சிறு கலமும், சிலதில் பாதிதான் மிச்சம்.

இவர்களில் முதல் ஆளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பா 1986இல் இங்கே வந்தார். அம்மாவும் நானும் வந்து சேர 1989 ஆகிவிட்டது. இடையில் எங்களிடம் இருந்தது கடிதங்களும் ஒரேயொரு படமும். வெள்ளை ஹெல்மெட் போட்டு, மொபெட்டில் சாய்ந்து நிற்கிற அப்பா. கண்ணும் மூக்கும் மட்டும் தெரியும். அந்தப் படத்தை வைத்து அவரை அடையாளம் பிடிக்க முடியாது என்று அம்மம்மா சொல்லிக்கொண்டே இருப்பார்.

கொப்பன்ஹேகன் விமான நிலையத்தில் எனக்கு ஆறு வயது. அப்பா குனிந்து, கோட்டுப் பையில் இருந்து எடுத்து என் கையில் வைத்தது ஒரு வெள்ளை விண்வெளிக்காரர். பழைய சாமான் சந்தையில் வாங்கியது. அப்போதே பட்டை உடைந்திருந்தது.

மறுநாள் பாலர் பள்ளிக்கு வேண்டும் என்று எனக்கு ஒரு பனி உடுப்பு வாங்கித் தந்தார்கள். காலில் இருந்து கழுத்து வரை ஒரே துண்டு. இங்கே எல்லாப் பிள்ளைகளும் மாரியில் அதைத்தான் போடுவார்கள். டேனிஷில் அதற்கு 'ஃப்ளூவர்ட்ராக்ட்' என்று பெயர், விமானியின் உடுப்பு என்று அர்த்தம். போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். கையில் இருந்த வெள்ளை விண்வெளிக்காரரையும் பார்த்தேன். இந்த ஊரில் நடமாட எல்லோரும் இப்படித்தான் உடுத்த வேண்டும் போல என்று நினைத்தேன்.

சரி, கேள்விகள். இவை எந்த வருடத்தவை என்று எப்படிப் பார்ப்பது? பழுப்பை எடுக்கலாமா? புது ஹெல்மெட் மாட்டலாமா?

செங்கல்கணக்கு (ஸ்காபரோ, கனடா)

வடலி, பதிவை இரண்டு முறை வாசித்தேன். முதலில் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

நிறமே பாதி வயதைச் சொல்லிவிடும். லெகோவின் விண்வெளி வரிசை 1978இல் தொடங்கியது, கை கால் அசைகிற மினிஃபிகர், அதாவது இந்தச் சின்ன ஆள் பொம்மை, பிறந்த அதே வருடம். முதலில் சிவப்பும் வெள்ளையும் மட்டும்தான். மஞ்சள் 1979இல் சேர்ந்தது. நீலமும் கறுப்பும் வர 1984 ஆனது. ஆகவே உங்கள் நீலக்காரர் 1984க்கு முந்தியவர் இல்லை. மற்றவர்கள் 1970களின் கடைசியில் இருந்து 80களின் நடுப்பகுதிக்குள் எப்போதும் இருக்கலாம்.

அடுத்து ஹெல்மெட். ஆரம்ப அச்சில் தாடைப் பட்டை மிக மெல்லியது. தலையில் போட்டுக் கழற்றும் ஒவ்வொரு முறையும் இழுவிசை முழுக்க அந்த ஒரு இடத்தில்தான் விழும். பிள்ளைகள் கழற்றுவதோ நெற்றிப் பக்கம் பிடித்து முன்னால் சாய்த்து. உடையாமல் என்ன செய்யும்? பின்னால் அந்தப் பட்டையைத் தடிப்பாக்கினார்கள். 1987இல் முகமூடிக் கண்ணாடி பூட்டும் புது ஹெல்மெட் வந்தது. உங்கள் நீலக்காரரின் ஹெல்மெட் உடையாமல் இருந்தால் அதற்குக் காரணம் அந்தத் தடித்த பட்டையாகத்தான் இருக்கும்.

இன்னொன்றையும் பாருங்கள். கைக்குக் கீழே, உடம்பின் பக்கவாட்டில் மயிரிழை மாதிரி ஒரு கீறல் இருக்கிறதா? இருந்தால் அந்தக் கையைக் கழற்ற வேண்டாம். இந்தக் காலத்து உடம்புகள் அந்த இடத்தில்தான் பிளக்கும்.

முதுகில் காற்றுத் தொட்டிகள் எல்லோருக்கும் இருக்கின்றனவா?

வடலி

நீலக்காரரின் ஹெல்மெட்டும் ஒரு சிவப்பும்தான் முழுசு. நீங்கள் சொன்னது சரியாக வருகிறது. தொட்டி எட்டுப் பேருக்கு இருக்கிறது. கீறல் இரண்டு சிவப்பில்.

கடற்கரைச்சாலை (சென்னை)

எனக்கு இந்த வரிசையில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். சிவப்பு. சிங்கப்பூரில் இருந்து பெரியப்பா கொண்டு வந்தது. செங்கல் ஒன்றுகூட கிடையாது, கலம் கிடையாது, ஆள் மட்டும். பெரியப்பா பெட்டியில் எடை அதிகமாகிவிடும் என்று பெரிய டப்பாவைத் தன் பிள்ளைகளிடமே விட்டுவிட்டு, என்னை மறக்காமல் ஒருத்தரை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

அது 1984. அந்த ஏப்ரல் 3ஆம் தேதிதான் ராகேஷ் சர்மா சோயூஸ் டி-11இல் விண்வெளிக்குப் போனார். வானொலிச் செய்தி, பேப்பர், ஸ்கூல் பிரேயர், எங்கே போனாலும் அதே பேச்சு. அதனால் என் ஆளுக்கு வேறு பெயர் யோசிக்கவே தோன்றவில்லை. அவர் ராகேஷ். ஜாமெட்ரி பாக்ஸ்தான் கலம். மூடியைத் திறந்து அவரைப் படுக்க வைத்து, பக்கத்தில் காம்பஸை வைத்து மூடிவிடுவேன். காம்பஸ்தான் ஆன்டெனா. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி மேல் இறங்குவார். அந்த சிமெண்ட் தளத்தில் சொரசொரப்பாகக் குழிகள் இருக்கும், அதனால் அது நிலா.

பெரிய செட் இல்லாத ஏக்கம் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். அட்டைப்படத்தில் இருந்த கலத்தை நோட்டில் எத்தனை முறை வரைந்திருப்பேன் என்று கணக்கே இல்லை.

லூயிஷம்தம்பி (லண்டன்)

அண்ணா, அக்கா எல்லோருக்கும் வணக்கம். நான் எதிர்ப்பக்கத்து ஆள். எங்கள் வீட்டில் ஸ்டார் வார்ஸ் பொம்மைகள்தான். அமெரிக்காவில் கென்னர் செய்தது, இங்கே பாலிடாய் பெயரில் வந்தது. நான் விளையாடத் தொடங்கியபோது 1986, 87. அந்த அலை ஓய்ந்துவிட்ட நேரம். மற்றப் பிள்ளைகள் வளர்ந்து, தேவாலயப் பழஞ்சாமான் விற்பனைகளில் பெட்டி பெட்டியாக வந்து விழும். ஒரு ஆள் பத்து பென்ஸ். கையில் துப்பாக்கி இருந்தால் இருபது.

ஒன்பதரை சென்டிமீட்டர் உயரம். கழுத்து, இரண்டு தோள், இரண்டு இடுப்பு, ஐந்து இடத்தில்தான் அசைவு. முழங்கால் மடியாது. ஆனாலும் அவற்றுக்கு முகம் இருந்தது, பெயர் இருந்தது, பகைவன் இருந்தான். காலின் பின்பக்கம் சிறிய எழுத்தில் ஹாங்காங் என்று அச்சு இருக்கும். அதை வாசித்துவிட்டு, இவர்களும் எங்களைப் போல வேறு ஊரில் இருந்து வந்தவர்கள் என்று என் தங்கச்சியிடம் சொன்னது ஞாபகம் இருக்கிறது.

மனதில் பட்டதைச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். லெகோ விண்வெளிக்காரர்கள் எனக்கு ஒட்டவே இல்லை. எல்லோரும் சிரிக்கிறார்கள். யாருக்கும் யாரோடும் பிரச்சினை இல்லை. சண்டை இல்லாமல் என்ன கதை?

செங்கல்கணக்கு

> சண்டை இல்லாமல் என்ன கதை?

தம்பி, அது தற்செயலாக நடந்தது இல்லை. அந்த நிறுவனத்தை நடத்திய கிறிஸ்டியன்சன் குடும்பம் போர் விளையாட்டுச் சாமான் செய்வதில்லை என்று வெகு காலம் பிடிவாதமாக இருந்தது. விண்வெளி வரிசையில் வாள், துப்பாக்கி எதுவும் இல்லை. கையில் கொடுத்தது வாக்கிடாக்கி, கேமரா, ஒலிபெருக்கி, மண் தோண்டும் கருவிகள். (ஒலிபெருக்கியைத் திருப்பிப் பிடித்துத் துப்பாக்கி ஆக்காத பையனை நான் கண்டதில்லை. அது வேறு விஷயம்.)

முதல் தடவையாக 'அந்தப் பக்கம்' என்று ஒன்று தெரிந்தது 1987இல், கறுப்பு உடுப்போடு பிளாக்ட்ரான் என்ற கூட்டம் வந்தபோது. 1989இல் விண்வெளிப் போலீஸ் வந்து அவர்களைக் கூண்டில் அடைத்தது. பிளாக்ட்ரானுக்கு முந்திய ஒன்பது வருடமும் அந்த உலகத்தில் இருந்தது வேலை மட்டுமே. தோண்டுவது, அளப்பது, ராக்கெட் ஏற்றுவது, பழுது பார்ப்பது.

வடலி

தம்பி, கோபமே இல்லை. என் பக்கத்தைச் சொல்கிறேன்.

நான் வந்தது 1989இல், யாழ்ப்பாணத்தில் இருந்து. துப்பாக்கி எப்படி இருக்கும், தலைக்கு மேலே ஹெலிகொப்டர் வந்தால் எந்தச் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும் என்பதெல்லாம் ஆறு வயதில் எனக்குத் தெரியும். பாலர் பள்ளியில் மற்றப் பையன்கள் குச்சியை நீட்டி 'டுப் டுப்' என்றால் நான் மேசைக்குக் கீழே போய்விடுவேனாம். ஆசிரியை பிறகு அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

அந்த வகுப்பில் ஒரு மூலையில் பெரிய லெகோ பெட்டி இருந்தது. லெகோ தொழிற்சாலை இருக்கும் பில்லுண்ட் பக்கத்து ஊர் என்பதால் எங்கள் பகுதியில் அது இல்லாத பள்ளி கிடையாது. பாதிப் பேரின் வீட்டில் யாராவது ஒருவர் அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்தார்கள். என் வெள்ளைக்காரரை அங்கே இறக்கி விட்டேன். எனக்கு டேனிஷ் ஒரு சொல் தெரியாது. அவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்க வேண்டிய தேவை இல்லை. பக்கத்தில் ஒருவன் சிவப்பு ஆளைக் கொண்டுவந்து வைத்தான். இரண்டு பேரும் ஒரு சாம்பல் தட்டில் குழி தோண்டினார்கள். அவ்வளவுதான் விளையாட்டு. முழு மாரியும் அதை விளையாடினோம்.

சிவப்பும் வெள்ளையும் இரண்டு கட்சி இல்லை, தம்பி. எங்கள் சட்டப்படி சிவப்பு ஓட்டுநர், வெள்ளை இறங்கி நடக்கிறவர். மஞ்சள் வந்த பிறகு அவருக்குச் சமையல் கொடுத்தோம்.

லூயிஷம்தம்பி

அண்ணா, வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. நான் இங்கேயே பிறந்தவன். வீட்டில் பெரியவர்கள் இரவில் தொலைபேசியில் கதைப்பது கேட்கும், காலையில் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். எனக்கு நல்லவன் கெட்டவன் யார் என்று தெளிவாகத் தெரிகிற ஒரு சண்டை தேவைப்பட்டது என்று இப்போது தோன்றுகிறது. கடைசியில் நல்லவன் வெல்கிற சண்டை. அதனால் என் பொம்மைகளை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் 'என்ன கதை' என்று கேட்டதைத் திரும்பப் பெறுகிறேன்.

உங்கள் அப்பாவின் கோட்டுப் பையைப் பற்றி வாசித்தபோது ஒன்று நினைவு வந்தது. 1977 மே மாதம் ஸ்டார் வார்ஸ் படம் வந்து இவ்வளவு ஓடும் என்று கென்னர் எதிர்பார்க்கவில்லை. கிறிஸ்மஸுக்குப் பொம்மை தயாராகவில்லை. ஆகவே ஓர் அட்டை உறையை விற்றார்கள். உள்ளே பொம்மை கிடையாது. ஒரு காட்சி அட்டையும் ஒரு சான்றிதழும் இருக்கும். சான்றிதழை அனுப்பினால் 1978இல் நான்கு பொம்மைகள் தபாலில் வரும். படம் போட்ட அட்டையை மரத்தடியில் வைத்துக்கொண்டு மாதக் கணக்கில் காத்திருந்த பிள்ளைகள் அவர்கள். நீங்கள் ஒரு படத்தை வைத்துக்கொண்டு மூன்று வருடம் காத்திருந்திருக்கிறீர்கள்.

பழையசாம்பல் (சிங்கப்பூர்)

பழுப்பைப் பற்றி யாரும் பேசவில்லையே. நான் பட்டதைச் சொல்கிறேன், தம்பி வடலி கேட்டுக்கொள்ளட்டும்.

லெகோ செய்வது ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கில். அதில் ரப்பர் மாதிரி ஒரு பகுதி கலந்திருக்கிறது, பியூட்டடையீன். உடையாமல் வளைந்து கொடுப்பதே அதனால்தான். வெயிலும் காற்றும் பட்டு முதலில் கெடுவதும் அதேதான். அதனால் இது மேலே படிந்த அழுக்கு இல்லை, பிளாஸ்டிக்கே மாறிப்போனது. சோப்புக்குப் போகாது.

ஹைட்ரஜன் பெராக்சைடில் மூழ்க வைத்து வெயிலில் வைத்தால் வெளுக்கும். உண்மைதான். நான் மூன்று வெள்ளைக்காரர்களுக்கும் ஒரு நீலக்காரருக்கும் செய்தேன். நம் ஊர் வெயிலுக்கு ஒரே மதியம் போதும். வெள்ளை மூன்றும் கடையில் இருந்து வந்த மாதிரி ஆனார்கள், நான் கை தட்டினேன். நீலம் திட்டுத் திட்டாக வெளிறிப்போனது, அதைத் திருப்ப வழி இல்லை. ஒரு வெள்ளையின் நெஞ்சுச் சின்னத்தில் தங்கம் மங்கிவிட்டது. இரண்டு வருடம் கழித்து அலமாரியில் இருந்தபடியே பழுப்பு மெல்லத் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு யார் கேட்டாலும் என் பதில் ஒன்றுதான். நாற்பது டிகிரிக்கு மேல் போகாத வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, மெதுவான பல்துலக்கி. சின்னத்தின் மேல் துலக்கி படக்கூடாது, விரல் போதும். துணியில் ஒற்றி நிழலில் காய வைக்கவும். மீதிப் பழுப்பு அவர்களுடைய வயது, இருக்கட்டும்.

என் பெயரைப் பற்றிப் போன மாதம் ஒருவர் கேட்டிருந்தார். 2004 வாக்கில் லெகோ தன் சாம்பல் நிறத்தையே மாற்றியது, நீலம் கலந்த சாம்பலாக. பழைய செட்டுக்குப் புதுச் செங்கல் வாங்கிப் பொருத்தினால் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி தெரியும். எனக்கு அந்த முந்திய, கொஞ்சம் வெதுவெதுப்பான சாம்பல்தான் நிலா.

செங்கல்கணக்கு

அக்கா சொன்னதில் எனக்குப் பாதி உடன்பாடு. முழுக்கக் காவி நிறமாகிப்போன வெள்ளைச் செங்கலுக்கு நான் இன்னும் பெராக்சைடு போடுகிறேன். ஆனால் சின்னம் அச்சான ஆளுக்கு ஒருபோதும் வேண்டாம், அதில் அக்கா பக்கம்தான்.

ஹெல்மெட் விஷயம். புதிதாக வரும் பழைய பாணி ஹெல்மெட் இப்போது தாராளமாகக் கிடைக்கிறது, பட்டையும் உறுதி. 2014இல் வந்த லெகோ மூவி படத்தில் பென்னி என்று ஒரு நீல விண்வெளிக்காரர் வருவார். அவருடைய ஹெல்மெட்டின் தாடைப் பட்டை உடைந்திருக்கும், நெஞ்சுச் சின்னம் தேய்ந்திருக்கும். நான் மகளோடு தியேட்டரில் இருந்தேன். அவர் திரையில் வந்தவுடன் என் வயதுக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டது கேட்டது. மகள் திரும்பி, 'ஏன் அப்பா உடைஞ்சிருக்கு' என்றாள். பிறகு பென்னியைப் பொம்மையாக விற்றபோது அந்த உடைவையும் அச்சிலேயே வார்த்து விற்றார்கள். ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் விரல் செய்த சேதத்தைத் தொழிற்சாலையே வடிவமாக ஏற்றுக்கொண்டது. வேறு எந்தப் பொம்மைக்கும் இந்த மரியாதை கிடைத்ததாக எனக்குத் தெரியாது.

மினிஃபிகரையும் இந்த விண்வெளி வரிசையையும் வடிவமைத்தவர் ஜென்ஸ் நைகார்ட் குனுட்சன். 2020 பிப்ரவரியில் காலமானார். செய்தி வந்த அன்று இரவு மேசையில் என் கேலக்ஸி எக்ஸ்ப்ளோரர் கலத்தை எடுத்து வைத்தேன். 1979 செட், ஐரோப்பாவில் எண் 928, அமெரிக்காவில் 497, மொத்தம் 338 துண்டு. நீல இறக்கை, மஞ்சள் கண்ணாடி. பின்கதவைத் திறந்தால் உள்ளிருந்து ஒரு சிறு வண்டி உருண்டு வரும். ஸ்காபரோவில் ஒரு வீட்டு வாசல் விற்பனையில், ஷூ பெட்டியில், இரண்டு கண்ணாடி குறைவாக வாங்கினேன். அந்த இரண்டையும் தேடிப் பிடிக்க நான்கு வருடம் ஆனது.

கடற்கரைச்சாலை

அந்தக் கலம்தான்! நான் நோட்டில் வரைந்தது. 2022இல் அதையே பெரிதாக்கித் திரும்ப விட்டார்களே, 1254 துண்டு, எண் 10497. வெளிநாட்டில் இருக்கும் நண்பன் வரும்போது வாங்கி வந்தான். இரண்டு ராத்திரி உட்கார்ந்து கட்டினேன். உடன் வந்த புது ஆட்களைப் பக்கத்தில் நிற்க வைத்துவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் ராகேஷை உட்கார வைத்தேன். முப்பத்தெட்டு வருடம் ஜாமெட்ரி பாக்ஸில் பறந்தவர். அம்மா வந்து பார்த்துவிட்டு, 'இது நம்ம தண்ணித் தொட்டி மேல நிக்குமே அந்த பொம்மையா' என்றார். அவருக்கு ஞாபகம் இருந்தது எனக்குத் தெரியாது.

வடலி, அந்த முதல் வெள்ளைக்காரரை அப்பா ஏன் தேர்ந்தெடுத்தார் என்று கேட்டீர்களா?

வடலி

கேட்டதில்லை. பொம்மை என்று வாங்கியிருப்பார் என்று நினைத்திருந்தேன். நீங்கள் எழுதிய பிறகு, நேற்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு தகரப் பெட்டியைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

எல்லோரையும் மேசையில் கொட்டி, ஒவ்வொருவராகத் தள்ளிவிட்டு, சரியாக அந்த ஆளை எடுத்தார். எனக்கே எந்த வெள்ளை என்று நிச்சயமாகத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது. முதுகில் தொட்டி இல்லாதவர்.

'உனக்குத் தெரியுமா, இது ஆர் என்று' என்றார்.

'விண்வெளிக்காரர், அப்பா.'

'அதை நீ பள்ளிக்கூடத்தால் வந்து சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும். நான் மோட்டார் சைக்கிள்காரன் என்றுதான் வாங்கினேன். வெள்ளை ஹெல்மெட். அந்தப் படத்தில் நான் நின்ற மாதிரி. விமான நிலையத்தில் நீ என்னை மட்டுக்கட்ட மாட்டாய் என்று பயமாக இருந்தது. இதைக் காட்டினால் விளங்கும் என்று நினைத்தேன்.'

பிறகு எழுந்து தேநீர் போடப் போய்விட்டார்.

செங்கல்கணக்கு அண்ணா, ஹெல்மெட்டுகள் உங்களிடம் இருந்து வாங்கலாமா? வெள்ளையில் மூன்று, சிவப்பில் நான்கு, மஞ்சளில் ஒன்று. நான்காவது வெள்ளை வேண்டாம்.